ட்ரம்பெட் வாசிப்பவர்களுக்கு உதடு ஏன் வெடிக்கிறது? லிப் பாம் மட்டும் போதுமா?

டெல்லியிலோ ஜெய்ப்பூரிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். டிசம்பர் முதல் வாரம், இரவு ஒன்பது மணி. குதிரை மேல் மாப்பிள்ளை, முன்னால் ஆட்டம், பின்னால் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்ட நம்ம கேப். கலர் கோட்டு போட்ட பேண்டுக்காரர்கள் அதே பாட்டை நாலாவது முறையாக ஊதிக்கொண்டிருக்கிறார்கள். "எப்படா முடியும்"னு நாம் எரிச்சலாக இருக்கும் அந்த நேரத்தில், ட்ரம்பெட் வாசிப்பவருக்கு உதட்டில் உணர்வே போயிருக்கலாம்.

வட இந்தியாவில் கல்யாண சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை ஓடும். நம்ம மார்கழி மாதிரியே அங்கேயும் 'கர்மாஸ்' என்று ஒரு மாதம் கல்யாணம் கிடையாது. மற்றபடி பேண்டுக்காரர்களின் வருமானத்தில் பெரும்பகுதி இந்தச் சில மாதங்களில்தான் வருகிறது. காற்று வறண்டு, உதடு வெடிக்கிற மாதங்களும் இவையேதான். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

உதடுதான் சீவாளி

நாதஸ்வரத்தில் சத்தம் பிறப்பது சீவாளியில். சீவாளி கெட்டுப்போனால் வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். ட்ரம்பெட், ட்ராம்போன், யூஃபோனியம், டியூபா இவற்றுக்குச் சீவாளி கிடையாது. மூடிய உதடுகளுக்கு நடுவே காற்றைத் தள்ளும்போது உதடுகள் அதிர்கின்றன. குழாய் அந்த அதிர்வைப் பெரிதாக்குகிறது. 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தை வாசித்தால் உதடு நொடிக்கு 440 முறை அதிர்கிறது என்று அர்த்தம். நம்ம ஊர் சங்கு, கொம்பு, எக்காளம் எல்லாமே இதே கணக்குதான். சாக்ஸபோன் பித்தளையில் செய்யப்பட்டிருந்தாலும் இந்தக் கூட்டத்தில் சேராது, அதற்குத் தனியாக ரீட் உண்டு.

ஆக, இங்கே உதடுதான் சீவாளி. மாற்று கிடையாது.

தோல் ஒன்று, தசை ஒன்று

உதட்டுப் பிரச்சினை என்று வந்தால் எல்லாரும் முதலில் கேட்பது "எந்த லிப் பாம் நல்லது?" என்றுதான். அதில் தப்பில்லை, ஆனால் அது பாதிக் கேள்வி. லிப் பாம் காப்பாற்றுவது மேல்தோலை. வாசிக்கும்போது உழைப்பதோ அதற்குக் கீழே வாயைச் சுற்றியிருக்கும் தசை.

முதலில் தோல். உதட்டின் சிவந்த பகுதி மெல்லியது. வியர்வைச் சுரப்பி இல்லை, எண்ணெய்ச் சுரப்பியும் கிட்டத்தட்ட இல்லை. அதனால் தன்னைத்தானே ஈரமாக வைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. காய்கிறதே என்று நாக்கால் நனைத்தால் எச்சில் ஆவியாகும்போது இன்னும் காயும். எச்சிலில் உள்ள செரிமானப் பொருட்கள் எரிச்சலையும் கொடுக்கும். வாசனையில்லாத சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியே போதும். ராத்திரி படுக்கும்போது தடவுங்க. தேங்காய் எண்ணெய், நெய் பழக்கம் உள்ளவர்கள் அதையே தொடரலாம். தொப்புளில் கடுகு எண்ணெய் விட்டால் உதடு வெடிக்காது என்று வடக்கே சொல்வார்கள். கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் தொப்புளுக்கும் உதட்டுக்கும் அப்படி ஒரு குழாய் உடம்பில் கிடையாது.

தடவியதும் 'சில்'லென்று இருக்கும் பாம்களைத் தவிருங்க. மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ், புதினா, இலவங்கப்பட்டை வாசனை எல்லாம் வெடித்த உதட்டை மேலும் எரிச்சலாக்கும் என்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி. பகலில் அணிவகுப்பு, ஊர்வலம் என்றால் எஸ்.பி.எஃப் 30 உள்ள பாம் நல்லது. வாசிப்பதற்கு முன் மட்டும் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் மவுத்பீஸ் வழுக்கும், வழுக்காமல் நிற்க அழுத்துவீர்கள்.

அந்த 'அழுத்துவீர்கள்' என்பதில்தான் பெரிய ஆபத்து.

மேல் ஸ்வரத்துக்கு வேகமான காற்றும் இறுக்கமான உதட்டுத் தசையும் வேண்டும். தசை களைத்துவிட்டால் கை உதவிக்கு வரும்: மவுத்பீஸைப் பல்லோடு சேர்த்து அழுத்தும். ஸ்வரம் வந்துவிடும். ஆனால் நசுங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் குறையும், மரத்துப்போகும், வீங்கும். வீங்கிய உதடு சரியாக அதிராது, மறுபடி அழுத்த வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. குளிர்ந்த கருவியில் சுருதி இறங்கும். கூடவே தள்ளுவண்டியில் வரும் கீபோர்டின் சுருதி இறங்காது. அந்த வித்தியாசத்தையும் உதட்டை இறுக்கியே சமாளிக்கப் பார்ப்பார்கள். ட்யூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் உள்ளே தள்ளினாலே வேலை முடிந்தது. மவுத்பீஸைப் பையில் போடாமல் சட்டைப் பாக்கெட்டில் வைத்தால், ஊதும்போது ஐஸ் மாதிரி இருக்காது.

இந்த அழுத்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு லூயி ஆம்ஸ்ட்ராங்கே சாட்சி. உதட்டில் காயம் மேல் காயம் பட்டு, 1930களின் நடுவில் பல மாதங்கள் ட்ரம்பெட்டைக் கீழே வைக்க வேண்டிவந்தது. பிற்காலத்தில் ஜெர்மனியில் தயாரான ஒரு உதட்டுக் களிம்பைக் கையோடு வைத்திருந்தார்; அது அவர் பெயரிலேயே விற்பனைக்கும் வந்தது. வாயைச் சுற்றியுள்ள தசை கிழிந்துபோகும் பாதிப்பை 1982-ல் ஒரு மருத்துவக் கட்டுரையில் விவரித்த பிளாஸ்டிக் சர்ஜன் ஹைமே பிளானாஸ், ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப் பெயரை வைத்து 'சாட்ச்மோ சிண்ட்ரோம்' என்றார். தசை கிழிந்தால் களிம்பு உதவாது, அறுவை சிகிச்சை வரை போகலாம்.

அதனால்தான் ஓய்வு. வீட்டில் பயிற்சி செய்பவர்கள் பத்து நிமிடம் வாசித்தால் பத்து நிமிடம் விடுங்க. எடுத்ததும் உச்ச ஸ்வரத்துக்குப் போகாமல் கீழ் ஸ்வரங்களில் மெதுவாகத் தொடங்கி, முடிக்கும்போதும் அங்கேயே இறங்குங்க. வாரக் கடைசியில் மட்டும் கருவியைத் தொட்டு, மூணு மணி நேரம் ஒரே மூச்சில் ஊதுவது ஐ.டி. நண்பர்களிடம் நான் அடிக்கடி பார்க்கிற தப்பு. தினமும் 20 நிமிடம் அதைவிட எவ்வளவோ மேல். மரத்துப்போவது, வாயோரம் காற்று கசிவது, மறுநாள் காலையிலும் வீக்கம் இருப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கு வாசிக்க வேண்டாம்.

மவுத்பீஸைக் கடன் கொடுக்கலாமா?

கூடாது. உதட்டுக் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 64 சதவீதம் பேரிடம் இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கொப்புளம் வந்தால் ஆறும்வரை வாசிப்பை நிறுத்துங்க. முதல் நாளே டாக்டரைப் பார்த்தால் மருந்து நன்றாக வேலை செய்யும். மவுத்பீஸை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுவது தினசரி வேலை. வெள்ளி முலாம் தேய்ந்த மவுத்பீஸ் பட்ட இடத்தில் மட்டும் வட்டமாகச் சிவந்து அரித்தால், அது உலோக ஒவ்வாமையாக இருக்கலாம். தங்க முலாம் அல்லது பிளாஸ்டிக் மவுத்பீஸுக்கு மாறிப் பார்க்கலாம்.

பாக்கு, குட்கா பற்றி ஒரு வார்த்தை. ராத்திரி முழுக்கக் கண்விழிக்கும் தொழில்களில் இந்தப் பழக்கம் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். பாக்கு மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் விறைத்து, வாய் திறப்பதே சுருங்கிவிடும் நோய் வருவதுண்டு. 2004-ல் பாக்கு புற்றுநோய்க் காரணி என்றே வகைப்படுத்தப்பட்டது. உதடும் கன்னமும் வளைந்துகொடுத்தால்தான் சம்பாத்தியம் என்றிருப்பவருக்கு இது இரட்டை அடி. உதட்டிலோ வாயிலோ மூணு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டணும்.

"ஓய்வு எடுங்க" என்று எழுதுவது சுலபம். ஒரே ராத்திரியில் இரண்டு கல்யாணம் போகிறவர் எங்கே எடுப்பார்? இதில் பேண்டு மாஸ்டர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பல்லவியை ட்ரம்பெட்டுக்கும் சரணத்தைக் கிளாரினெட்டுக்கோ சாக்ஸபோனுக்கோ பிரித்துக் கொடுப்பது, இரண்டு பாட்டுக்கு நடுவே ட்ரம்ஸை மட்டும் ஓடவிடுவது. பேண்டு புக் பண்ணுகிற கல்யாண வீட்டாரும் அட்வான்ஸ் கொடுக்கும்போதே, நடுவில் பதினைந்து நிமிடம் இடைவெளியும் குடிக்கத் தண்ணீரும் உண்டு என்று பேசி வைத்துவிடலாம்.