ஆட்டைக் கட்டியவர் என் தாத்தா

பதுளை நகரத்துப் புனித மாற்கு தேவாலயம் மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்டது. இலங்கை ரைபிள் படை அதிகாரி. பதுளையின் உதவி அரசாங்க அதிபரும் மாவட்ட நீதிபதியும் அவரே. 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அவருடைய பதவிகளைக் கல்வெட்டில் வாசிக்கலாம். அவர் சுட்ட யானைகளின் கணக்கை வாசிக்க, அந்தக் கால அரசாங்கச் செயலாளர் எமர்சன் டெனன்டின் புத்தகத்துக்குத்தான் போக வேண்டும். 1,400க்கு மேல் என்று எழுதியிருக்கிறார். கப்டன் கால்வே அதில் பாதிக்கு மேல் கொன்றாராம். தெருப் போட்ட மேஜர் ஸ்கின்னரும் கிட்டத்தட்ட அதே அளவு.

ரோஜர்ஸின் கல்லறை நுவரெலியாவில். அதன் மேலும் இடி விழுந்தது, யானைகளின் சாபம் விடவில்லை என்று மலையகம் முழுக்கச் சொல்வார்கள். சின்ன வயதில் எனக்கும் சொல்லித்தான் தூங்க வைத்தார்கள். சாபத்தில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. ஆயிரத்து நானூறு யானையைக் கொன்றவருக்குக் கோவில் கட்டிய ஊரில், ஒரு மானை அடித்தவனுக்குக் கள்ள வேட்டைக்காரன் என்ற பெயர் எப்படி வந்தது என்பதுதான் நான் பல காலமாகத் தேடிப் படித்து வருவது.

அந்தக் காலத்தில் யானை கொல்வது குற்றமில்லை, அரசாங்கமே காசு கொடுத்தது. வட மாகாணத்தில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று வருஷத்துக்குள் 3,500 யானைகளுக்குச் சன்மானம் போயிருக்கிறது. தென் மாகாணத்தில் 1851க்கும் 1856க்கும் இடையில் 2,000. பதுளை இருக்கும் ஊவாவின் நிலைமை இன்னும் கசப்பானது. 1817-18 கிளர்ச்சியை அடக்க வந்த பிரிட்டிஷ் படை வயலை எரித்தது, மாட்டைக் கொன்றது, ஊர்களைக் காலியாக்கியது. ஆள் போன இடத்தில் காடு வளர்ந்தது, காட்டோடு யானையும் வந்தது. பிறகு அதே அரசாங்கத்து அதிகாரிகள் யானைத் தொல்லையைத் தீர்க்கத் துவக்கோடு வந்தார்கள்.

1840களில் கோப்பி வந்தது. காடு வெட்ட, கன்று நட, பழம் பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் ஆட்கள் நடந்து வந்தார்கள். 1869இல் தொடங்கிய இலை நோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. மலையின் உச்சிவரை வெட்டினார்கள். மிஞ்சிய காட்டுத் துண்டுகளில் மரையும் பன்றியும் புலியும் நின்றன. எங்கள் பக்கத்தில் சிறுத்தையைப் புலி என்றே சொல்வோம். இலங்கையில் வேறு புலி கிடையாது.

என் தாத்தா நமுனுகுல மலையடிவாரத்துத் தோட்டம் ஒன்றில் வாச்சர். 1930களில் இருந்த துரைக்குப் புலிப் பைத்தியம். பங்களாவின் முன் அறையில் ஏற்கெனவே இரண்டு தோல் தொங்கின. தோட்டத்தில் யாருடைய நாயாவது காணாமல் போனால், கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பித் தாத்தாவைக் கூப்பிடுவார். தாத்தா தடம் பார்த்து வந்து சொல்வார். மறுநாள் மத்தியானம் பரண் கட்டுவார்கள், சாயந்தரம் ஆட்டைக் கொண்டுபோய்க் கட்டுவார்கள்.

ஆடு கட்டுவதில் இருந்த நுணுக்கத்தைத் தாத்தா கடைசிவரை ஒரு தொழிலாளியின் பெருமையோடுதான் சொன்னார். தாயைப் பிரிந்த குட்டிதான் வேண்டும், அதுதான் விடாமல் கத்தும். கழுத்தில் கயிறு போடக்கூடாது. இழுத்து மூச்சு முட்டிச் சத்தம் அடங்கிப் போகும். முன்னங்காலில் கட்ட வேண்டும். முளையை நிலத்தோடு நிலமாக அடிக்க வேண்டும். கட்டிய ஆள் பேசிக்கொண்டே திரும்பி நடக்க வேண்டும். மனுஷன் போய்விட்டான் என்று ஆடும் நம்பணும், புலியும் நம்பணும். பரணில் சுருட்டு, இருமல் எதுவும் கூடாது. துவக்குக் குழலோடு டோர்ச் லைட்டைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள்.

"காட்டப் பாக்காத தம்பி, ஆட்டப் பாரு" என்பார் தாத்தா. "கத்திக்கிட்டே இருக்கிற ஆடு சட்டுனு நிப்பாட்டும். காது ரெண்டும் ஒரு பக்கம் திரும்பும். அந்தப் பக்கந்தான் புலி."

ஆட்டுக்குக் காசு யார் கொடுத்தது என்று கேட்டேன். சில தடவை துரை கொடுத்தாராம். சில தடவை ஆடு லயத்து ஆளுடையது; மறுநாள் வேலைக்கு வந்ததாகப் பேர் போட்டுச் சரிக்கட்டுவார்களாம். ஓர் ஆடு ஒரு நாள் சம்பளமா என்று கேட்டதற்குத் தாத்தா சிரித்தார், பதில் சொல்லவில்லை.

இப்படிப் பரணில் உட்கார்ந்து சுட்ட துரைமார்தான் வேட்டைக்கு ஒழுங்கும் வகுத்தார்கள். 1894இல் விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். சங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் வேட்டைப் பிரியர்கள். தங்கள் வேட்டைக்கு மிருகம் மிஞ்ச வேண்டும் என்பது அவர்கள் கவலை. வறண்ட காலத்தில் தண்ணீர்க் குழியோரம் ஒளிந்திருந்து சுடும் கிராமத்தான் அவர்கள் கண்ணுக்குக் கோழை, கசாப்புக்காரன். ஆட்டைக் கட்டிவிட்டு மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பது மட்டும் எப்படி வீரமாகும் என்று யாரும் அவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை. தண்ணீரும் இரைதான். ஒருவன் தாகத்தைப் பயன்படுத்தினான், மற்றவன் பசியை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்தச் சுயநலக்காரர்கள் இல்லாவிட்டால் இன்று யால இருந்திருக்காது. 1900இல் அதைக் காப்பகமாக ஒதுக்கியபோது, பக்கத்திலேயே இலங்கையில் குடியிருந்த வேட்டைப் பிரியர்களுக்கென்று ஒரு நிலமும் பிரித்து வைத்துக்கொண்டார்கள். முதல் காவலராக வந்தவர் ஹென்றி ஏங்கல்பிரெக்ட், தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட போயர் யுத்தக் கைதி. நமது தியத்தலாவை முகாமில் அந்தக் கைதிகள் ஆயிரக்கணக்கில் அடைபட்டிருந்தார்கள். யுத்தம் முடிந்து மற்றவர்கள் விசுவாசப் பிரமாணம் செய்து ஊர் திரும்ப, அவர் பிரிட்டிஷ் ராஜாவுக்குச் சத்தியம் செய்ய மாட்டேன் என்று இங்கேயே நின்றுவிட்டார். முதலாம் உலக யுத்தத்தில் ஜேர்மன் கப்பல் எம்டனுக்கு இறைச்சி கொடுத்தார் என்று சந்தேகப்பட்டு அவரையே சிறையில் போட்டார்கள். வனவிலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது, யால 1938இல் தேசிய பூங்காவானது.

சட்டம் வந்தபோது யாருக்கு வலித்தது என்பதற்கு மஹியங்கனைப் பக்கம் தம்பானையைப் பார்க்க வேண்டும். அங்குள்ள வேடர்கள் தோளில் கோடரி இல்லாமல் காட்டுக்குள் போவதில்லை. முக்கியக் காரணம் கரடி. திடீரென்று ஆளைக் கண்டால் அது முகத்தைத்தான் கிழிக்கும். வைகாசி, ஆனியில் பாலை மரம் பழுக்கும்போது கரடி மரத்தடியைவிட்டு நகராது. எந்த மரத்துக்கு எப்போது கரடி வரும் என்று தெரிந்தவர்கள் அந்தப் பக்கமே போகாமல் தவிர்த்தார்கள். அவர்களுக்கு வேண்டியது மான், உடும்பு, தேன். 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்காவானதும் அவர்களுடைய வேட்டைக் காடு ஒரே நாளில் அரசாங்கக் காடாகியது. தலைவர் ஊருவரிகே திசாஹாமியின் ஆட்கள் தங்கள் காட்டிலேயே குற்றவாளிகளானார்கள். ரோஜர்ஸுக்குக் கோவில், திசாஹாமிக்குத் தடை. இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் இடிக்கும்.

இரை வைத்துச் சுடுவது சரியா என்ற வழக்கு அமெரிக்காவில் வாக்குப்பெட்டிவரை போயிருக்கிறது. அங்கே கருங்கரடிக்குப் பழைய டோனட்டும் இனிப்பும் பீப்பாயில் போட்டு வைத்துக் காத்திருந்து சுடுவார்கள். கொலராடோ மக்கள் 1992இலும், ஒரேகன் மக்கள் 1994இலும், வாஷிங்டன் மாநிலத்தார் 1996இலும் வாக்களித்து அதைத் தடுத்தார்கள். மேய்ன் மாநிலத்தில் 2004, 2014 என்று இரண்டு தடவை கேட்டும் மக்கள் தடை வேண்டாம் என்றார்கள். எதிர்ப்பவர்களின் வாதம் தெரிந்ததுதான்: சாப்பிட வந்ததைச் சுடுவது வேட்டையா? ஆதரிப்பவர்களின் வாதத்தில்தான் எனக்குச் சரக்கு தெரிந்தது. இரை வைத்தால் மிருகம் பக்கத்தில் வந்து நிதானமாக நிற்கும். ஆணா, பெண்ணா, பின்னால் குட்டி இருக்கிறதா என்று பார்த்து, சுடலாமா விடலாமா என்று முடிவெடுக்கலாம் என்கிறார்கள்.

இதைப் படித்தபோது தாத்தாவின் ஒரு ராத்திரி ஞாபகம் வந்தது. ஆடு நின்றது, காது திரும்பியது, புலி வந்தது. பின்னாலேயே இரண்டு குட்டி. தாத்தா துரையின் முழங்காலில் விரலால் தட்டினார். துரை லைட்டைப் போடவில்லை. அன்றைக்கு ஆடு போயிற்று, புலி பிழைத்தது. அந்தத் துரையை நான் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அடுத்த மாதமே வேறொன்றைச் சுட்டார். ஆனால் வேண்டாம் என்று சொல்ல அந்தப் பரணில் ஒரு கண்ணும் ஒரு கையும் இருந்தன.

இன்று ஊவாவில் வைக்கும் இரைக்கும் பொறிக்கும் பக்கத்தில் ஆள் இல்லை. மான் தடத்தில் கயிறு கட்டி வைக்கும் கட்டுத்துவக்கு விறகுக்குப் போனவனின் காலையும் உடைக்கும். பன்றிக்கென்று பைக் பிரேக் கம்பியில் போடும் சுருக்கு, தேயிலை மலையில் புலியின் இடுப்பில் இறுகும். எல்லாவற்றிலும் கேவலம் ஹக்கபட்டாஸ் என்கிற வாய்வெடி. பூசணியிலோ வெள்ளரியிலோ கருவாட்டிலோ ஒளித்து வைத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போய் நித்திரை கொள்வான். பன்றி கடித்தால் தலை சிதறும். மாடு கடித்தால் நாக்கு போகும். யானைக் குட்டி கடித்தால் உடனே சாகாது. தாடை பிளந்து, உள்வாய் புழுத்து, பக்கத்திலேயே புல்லும் தண்ணீரும் இருக்க, நாள் கணக்கில் பட்டினி கிடந்து சாகும். மொனராகலைப் பக்கத்துக் காட்டோர ஊர்க்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சின்ன யானைகள்தான் அதிகம் மாட்டுகின்றன. குட்டி எதையும் வாயில் போட்டுப் பார்க்கும்.

2020 மே மாதம் ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்ததைக் கடித்த சினை யானை ஆற்றுக்குள் நின்றபடியே செத்தது. முதலில் அன்னாசி என்றார்கள், பிறகு தேங்காய் என்றார்கள். இங்கே நல்லதண்ணியில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உடவளவைக்குக் கொண்டுபோய் மருந்து போட்டும் காப்பாற்ற முடியவில்லை. கேரளத்து யானைக்காக இந்தியாவே கொதித்தது. நம் காடுகளில் அதே சாவு பெயரில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

லயத்து ஆட்களை மட்டும் பழி சொன்னால் அது பொய். ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான். 1,350 என்று வர்த்தமானி வந்தது 2024இல். வீட்டுக்குப் பின்னால் போட்ட போஞ்சியையும் கிழங்கையும் ஒரே ராத்திரியில் பன்றி உழுதுவிட்டுப் போனால் அந்தக் கோபம் நியாயமானது. தோட்டத்தைச் சுற்றி வேலி போட்டுத் தர வேண்டியது கம்பனியும் அரசாங்கமும். சுருக்கு போட்டவன் விடிய முன்னே போய்ப் பார்த்தால் மாட்டியிருப்பது வேறு மிருகமென்று கண்டு சொல்லியாவது அனுப்பலாம். வாய்வெடிக்கு அந்தச் சமாதானமும் இல்லை. அதில் பார்ப்பவன் இல்லை, நிறுத்துபவன் இல்லை, வந்தது எதுவென்று அறிகிறவன் இல்லை. பரணில் உட்கார்ந்த துரையைவிட, தண்ணீர்க் குழியில் ஒளிந்த கிராமத்தானைவிட, இது கீழ்.

வெடி கட்டுபவன் வாங்க ஆள் இருப்பதால்தான் கட்டுகிறான். தீபாவளிக்கு முதல் வாரம் யாராவது உரப்பையில் காட்டுப்பன்றி இறைச்சி கொண்டுவந்து லயத்து வாசலில் விலை பேசினால், தலை எங்கே என்று கேளுங்கள். தலை இல்லை என்றால் வாங்காதீர்கள்.