அளவெடுக்கும்போது யாரும் வாயை மூடிக்கொள்வதில்லை

2013-ல் ஸ்பெயினில் ஒளிபரப்பான 'எல் தியெம்போ எந்த்ரே கோஸ்துராஸ்' சீரியலைப் பார்த்தவர்கள் முதலில் சொல்வது அந்த மோர்ஸ் தையலைத்தான். மாட்ரிட்டில் கடை வைத்திருக்கும் சிரா கிரோகா, பேட்டர்ன் பேப்பரின் ஓரத்தில் சின்னக் கோடும் பெரிய கோடுமாகத் தையல் குறி போடுகிறாள். பார்ப்பவருக்கு அது கவுனின் கை வெட்டு. பிரிட்டிஷ்காரர்களுக்கு அது உளவுச் செய்தி. மரியா துவேன்யாஸ் 2009-ல் எழுதிய நாவலிலிருந்து வந்த யோசனை இது. அழகான யோசனைதான், மறுக்கவில்லை. ஆனா சிரா மாட்ரிட்டுக்கு எடுத்துப்போகும் புதுப் பெயர் என்ன தெரியுமா? அரிஷ் அகோரியுக். சொந்தப் பெயரைத் தலைகீழாகப் போட்டால் ஏறக்குறைய அதுதான் வரும். எங்க ஆபீஸில் யாராவது இப்படிப் பாஸ்வேர்ட் வைத்தால் செக்யூரிட்டி டீம் மெயில் போட்டே கொன்றுவிடும்.

எனக்குக் கோடுகளைவிட முக்கியமாகப் படுவது அந்தக் கடையின் வாடிக்கையாளர்கள். 1939-ல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது மாட்ரிட் பசியில் கிடந்தது. அந்த ஆண்டே ரேஷன் அட்டை வந்தது, 1952 வரை போகவில்லை. அப்படிப்பட்ட ஊரில் புது கவுன் தைக்கச் சொல்ல யாரிடம் காசு இருக்கும்? பிராங்கோ ஆட்சியில் பதவி பிடித்தவர்களின் மனைவிகளிடம், ஜெர்மன் அதிகாரிகளின் மனைவிகளிடம். ஆக, உளவாளி யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. விலைப்பட்டியலே ஆளை வடிகட்டிக் கடைக்குள் அனுப்பிவிடும். உள்ளே வந்த அம்மணி கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். டேப்போடு குனிந்திருக்கிறவள் அவள் கண்ணுக்கு மனுஷியே இல்லை. அடுத்த வாரம் யார் வீட்டில் விருந்து, எந்த ஊரிலிருந்து யார் வருகிறார் என்பதெல்லாம் தானாக வந்து விழும்.

சிரா கற்பனைப் பாத்திரம். அவளைச் சுற்றி நிற்பவர்களில் பலர் நிஜம். அவளை வேலைக்கு எடுக்கும் ஆலன் ஹில்கார்த், மாட்ரிட் பிரிட்டிஷ் தூதரகத்தின் கடற்படை அதிகாரி. நிஜ ஹில்கார்த்தின் பெரிய ஆயுதம் ஊசி இல்லை, பணம். ஹுவான் மார்ச் என்ற ஸ்பானியப் பணமுதலை வழியாக, ஸ்பெயின் போரில் குதிக்கக் கூடாது என்று வாதாட பிராங்கோவின் தளபதிகளுக்கு மில்லியன் கணக்கில் டாலர் போனது. கோதுமைக்கும் பெட்ரோலுக்கும் ஸ்பெயின் கடல்வழியை நம்பியிருந்தது, அந்தக் கடல் பிரிட்டன் கையில் இருந்தது. என் கணக்கில் லஞ்சத்தைவிட இந்தப் பசிதான் அதிகம் வேலை செய்திருக்கும். சீரியலில் இதைக் காட்டுவது கஷ்டம். கோதுமைக் கப்பலுக்கு யார் குளோசப் வைப்பார்கள்?

இன்னொரு நிஜ மனுஷி ரோசலிண்டா பாவல் பாக்ஸ். ஆங்கிலேயர், இளவயதில் இந்தியாவில் வாழ்ந்தவர், காசநோயோடு போராடியவர். ஸ்பானிய மொராக்கோவின் தலைநகரான தெத்துவானில், அங்கே ஹை கமிஷனராக இருந்த ஹுவான் லூயிஸ் பெய்க்பெதரின் காதலி. கதையில் சிரா தெத்துவானில் கடை போட்டதும் கிடைக்கும் வாடிக்கையாளர், பிறகு தோழி, பிரிட்டிஷ் தூதரகத்துக்கான வாசலும் அவர்தான்.

பெய்க்பெதர் 1939-ல் வெளியுறவு அமைச்சரானார். பிரிட்டனோடு நெருக்கமாக இருந்தார். 1940 அக்டோபரில் பிராங்கோ அவரைத் தூக்கிவிட்டு, ஜெர்மனி பக்கம் சாய்ந்திருந்த தன் மைத்துனர் செரானோ சூன்யெரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். ஏறக்குறைய ஒரு வாரத்தில், அக்டோபர் 23-ஆம் தேதி, எந்தாய் ரயில் நிலையத்தில் ஹிட்லரைச் சந்தித்தார். பெய்க்பெதர் ரோந்தாவில் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்.

அந்தக் காதலில் எது காதல், எது உளவு என்று சீரியல் பிரித்துக் காட்ட முயல்வதில்லை. அந்த விஷயத்தில் அது நேர்மையாக இருக்கிறது. ரோசலிண்டா தன் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டது 1997-ல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு. அதைப் படித்தவர்கள் அதிகம் பேர் இல்லை. 2006-ல் இறந்தார். அவரை லட்சக்கணக்கானவர்களுக்கு அறிமுகப்படுத்திய நாவல் அதற்கு மூன்று ஆண்டு கழித்து வந்தது, கற்பனையான ஒரு தையற்காரியின் தோழியாக.