பைக்குள் அடங்கிய துப்பாக்கி



சில வாரங்களுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியில் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "சார், பயந்தவன் கையிலே ஒரு துப்பாக்கியைக் கொடுத்துட்டா அவன் பயம் போயிடுமா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் துப்பாக்கி செய்வோரும் அதை வாங்குவோரும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்ட கேள்வி அல்லவா அது! அந்தச் சிறுவனுக்குச் சொன்ன விடையைச் சற்று விரிவாக இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

போர்வீரனுடைய துப்பாக்கி நீளமானது. அதைச் சுடுவதற்கு அவன் பல மாதம் பயிற்சி பெறுகிறான். கடைக்காரரும் பிரயாணியும் அப்படிப் பயின்றவர்கள் அல்லர். கள்வனுக்கு அஞ்சி ஆயுதம் தேடும் அவர்களுக்கு எது ஏற்றது? இந்தக் கேள்வி பெரிதாக எழுந்த இடம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா. 1849ஆம் ஆண்டு கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடி ஆயிரக்கணக்கானோர் திரண்டபோது, அங்கே காவலர்கள் குறைவு; கையில் பொன் உள்ளவர்களோ பலர். பிலடெல்பியா நகரத்துத் துப்பாக்கிக் கைவினைஞர் ஹென்றி டெரிஞ்சர் செய்த சிறு கைத்துப்பாக்கிகள் அங்கே நன்றாக விலை போயின. சட்டைப் பையில் அடங்கும் இத்துப்பாக்கியில் குழல் ஒன்று, குண்டும் ஒன்றே. ஆகவே பலர் இரண்டு துப்பாக்கிகளைச் சோடியாகவே வாங்கினார்கள். பிறர் அவருடைய சரக்கைப் போலியாகச் செய்து விற்றதால் அவர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தது.

இந்தச் சிறு பொருளுக்கு இன்னொரு முகமும் உண்டு என்பதை உலகம் விரைவில் கண்டது. 1865 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, வாஷிங்டன் நகரின் ஃபோர்டு நாடக அரங்கில் அதிபர் ஆபிரகாம் லிங்கன் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். நடிகன் ஜான் வில்க்ஸ் பூத் பின்னால் வந்து அவரைச் சுட்டான். அவன் கையில் இருந்தது டெரிஞ்சர் துப்பாக்கி. நீளம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர்தான். மறுநாள் காலையில் லிங்கன் உயிர் நீத்தார். தற்காப்புக்காக விற்கப்பட்ட சிறுமை, கொலைகாரனுக்கு மறைப்பாக உதவியது.

ஒரே குண்டு போதாது என்று கருதியவர்களுக்குச் சுழல் துப்பாக்கி கிடைத்தது. சாமுவேல் கோல்ட் அதற்கு 1836ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இவர் 16 வயதில் கல்கத்தாவுக்குக் கப்பலில் பணியாளாகச் சென்றவர். அந்தப் பயணத்தில்தான் மரத்தைச் செதுக்கித் தம் முதல் மாதிரியைச் செய்தார் என்று கூறுவர். சுழலும் உருளையில் ஐந்தாறு குண்டுகளை அடக்க முடிந்தது. ஆனால் கூடவே புதிய கவலைகளும் வந்தன. பின்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியல் போன்ற உறுப்பு பையில் சிக்கும். கீழே விழுந்தால் வெடிக்கவும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களே!

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1887இல் இதற்கு ஒரு விடையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தச் சுழல் துப்பாக்கியில் சுத்தியல் வெளியே தெரியாது. பிடியின் பின்பக்கத்தில் ஓர் அழுத்துப் பட்டை இருக்கும். உள்ளங்கையால் அதை இறுக அழுத்திக்கொண்டே விசையை இழுத்தால்தான் குண்டு வெடிக்கும். ஒரு குழந்தை துப்பாக்கியால் காயமுற்ற செய்தி கேட்டு டேனியல் வெஸ்ஸன் இதை உருவாக்கச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், குழந்தைக் கைக்கு வலிமை போதாது என்ற கணக்கு அதன் அமைப்பிலேயே இருக்கிறது. எலுமிச்சம்பழம் பிழியும் கருவியை நினைத்து மக்கள் அதற்குப் பட்டப் பெயரும் வைத்தார்கள்.

அதே காலத்தில் பிரான்சில் ஒரு வேடிக்கை. சைக்கிள் ஓட்டுவோரைத் தெருநாய்கள் துரத்தின. அவர்களுக்கென்றே 'வெலோ-டாக்' என்ற குட்டிச் சுழல் துப்பாக்கியை காலாண் என்பவர் செய்தார். பெயரின் முன்பாதி சைக்கிளையும் பின்பாதி நாயையும் குறிக்கும். நாயைக் கொல்ல விரும்பாதவர்களுக்காக மிளகாய்ப்பொடி அடைத்த தோட்டாக்களும் இருந்தன. மனிதன் எதற்கெல்லாம் துப்பாக்கி தேடினான் பாருங்கள்!

இத்துறையில் மிகப் பெரிய பெயர் ஜான் பிரவுனிங். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1855இல் பிறந்த இவர், 1926இல் பெல்ஜியத்துத் துப்பாக்கித் தொழிற்சாலையில் பணியிலிருந்தபோதே காலமானார். ஒரு குண்டு வெடித்ததும் அதன் உந்துவிசையாலேயே அடுத்த தோட்டா தானாக ஏறும் சிறு கைத்துப்பாக்கிகளை இவர் வடிவமைத்தார். 1906ஆம் ஆண்டளவில் பெல்ஜியத்திலும் 1908இல் அமெரிக்காவிலும் வெளிவந்த இவருடைய சட்டைப்பைத் துப்பாக்கியின் நீளம் 11 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். எடை 400 கிராமுக்கும் குறைவு. உள்ளங்கையில் மறையும் அந்தப் பொருளில் ஆறு தோட்டாக்கள் கொண்ட உறை அடங்கியது. அதிலும் பிடியை அழுத்தினால்தான் சுடும் காப்பு உண்டு.

இத்தனை காப்பு இருந்தும் பழகாதவனுடைய சங்கடம் தீரவில்லை. அதற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம். முதலாவது, எடை குறையக் குறையக் கையில் பின்னடி கூடும். அதே தோட்டாவைக் கனமான துப்பாக்கியில் சுட்டால் கை அவ்வளவு அதிராது. இரண்டாவது, குழல் குட்டையானால் குறி பார்க்கும் இரு முனைகளும் நெருங்கிவிடும். கை சிறிது அசைந்தாலும் குண்டு வெகுவாக விலகிப் போகும். மூன்றாவது, பயந்தவனுக்குக் கை நடுங்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950இல் வெளியிட்ட ஐந்து குண்டுச் சிறு சுழல் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை அரைக் கிலோவுக்குச் சற்றே மேல். இத்தகைய துப்பாக்கியின் விசையை ஒரே இழுப்பில் இழுத்துச் சுட ஏறக்குறைய ஐந்து கிலோ அழுத்தம் தேவைப்படும். துப்பாக்கியின் எடையைப் போல் பல மடங்கு பலத்தை ஒரு விரலால் கொடுக்கும்போது, பழகாத கையில் குழல் திரும்பிவிடுகிறது.

தானியங்கித் துப்பாக்கியிலோ வேறு ஆபத்து. தோட்டா உறையைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று புதியவர் நினைத்துவிடுவார். குழலின் அடியில் ஏற்கெனவே ஏறிய ஒரு தோட்டா அப்படியே இருக்கக்கூடும். விளையாட்டாக விசையைத் தொட்டு உயிரை வாங்கிய விபத்துகள் பல இப்படி நேர்ந்தவை. இதனால்தான், புதியவருக்கு எளிய சுழல் துப்பாக்கியே மேல் என்று ஒரு சாராரும், குறி பிசகாத சற்றே பெரிய துப்பாக்கியே மேல் என்று மற்றொரு சாராரும் நெடுங்காலம் வாதாடி வந்திருக்கிறார்கள். இரு சாராரும் ஒப்புக்கொண்டது ஒன்றே: எதை வாங்கினாலும் பயிற்சி வேண்டும், பூட்டி வைக்க இடமும் வேண்டும்.

நேயர்களே, தூர தேசத்துக் கதை இது என்று எண்ணிவிடாதீர்கள். 1914 ஜூன் 28இல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று முதல் உலகப் போருக்குத் தீ மூட்டியது பிரவுனிங் வடிவமைத்த சிறு துப்பாக்கிதான். அந்தப் போர் நம் சிங்கப்பூர்வரை எட்டியது. 1948 ஜனவரி 30இல் காந்தியடிகளின் உயிரைப் பறித்ததும் கையளவான ஓர் இத்தாலியத் துப்பாக்கியே.

அதே 1948 ஜூன் 16இல் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது, 1960 வரை நீடித்தது. தோட்டத் துரைமார் இடுப்பில் துப்பாக்கியோடு வெளிக்காடு சுற்றினார்கள். அவர்களுக்கு அது தற்காப்பு. அனுமதியின்றி அதை வைத்திருந்தவருக்கோ அவசரகால விதிகளின்படி மரண தண்டனை. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரைக் காப்பாற்ற இந்திய அரசு எடுத்த முயற்சி பலிக்கவில்லை. ஒரே பொருள், ஒரே தோட்டம். துரையின் இடுப்பில் அது காவல், தொழிலாளித் தலைவரின் கையில் அது கயிறு.

அந்த அனுபவத்துக்குப் பின் நம் நாடு துப்பாக்கியைத் தனி மனிதர் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தது. 1971இல் தண்டனைகளைக் கடுமையாக்கத் தனிச் சட்டம் வந்தது. சிங்கப்பூரிலும் 1973இல் ஆயுதக் குற்றச் சட்டம் இயற்றப்பட்டது.

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். "தம்பி, கையில் கொடுத்த உடனே பயம் போகாது. நன்றாகப் பழகினவனுக்குக் கொஞ்சம் குறையலாம். ஆனா அவனைப் பார்க்கிறவனுக்குப் பயம் கூடிப்போகும், அவனும் ஒண்ணைத் தேடுவான்" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்போ வீட்டிலே தம்பி தங்கச்சி இருந்தா எங்கே ஒளிச்சு வைக்கிறது, சார்?" என்று கேட்டான்.

வெஸ்ஸன் காலத்திலிருந்து துப்பாக்கி செய்தவர்கள் திரும்பத் திரும்ப விடை தேடிய கேள்வியும் அதுதான். பிடியில் காப்பு வைத்தார்கள், விசையைக் கடினமாக்கினார்கள். பெற்றோரின் கண்காணிப்புக்கு ஈடான காப்பை மட்டும் எந்தப் பட்டறையும் செய்து தரவில்லை. இதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.