பலகணியும் கண்ணும்: கண்டியில் எழுந்த ஓர் உயிர் வினா

கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் கண்டியை ஆண்ட காலத்தில், 1777ஆம் ஆண்டில், ஹீனடிகும்புரே சுமங்கல தேரர் ‘மிலிந்த பஞ்ஹ’ என்னும் பாளி நூலைச் சிங்களத்திற் பெயர்த்தார். மன்னனோ மதுரை நாயக்கர் வழியினன். 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போன உபசம்பதா மரபை மீட்டவன் அவனே. ஆயினும், அவன் திருநீறு அணிவதைப் பொறாத பிரதானிகளும் பிக்குகளும் சிலர் 1760இல் அவனைக் கொல்லச் சதி செய்தனர். உயிர் உண்டென்னும் சைவமும், நிலையான ஆன்மா இல்லையென்னும் பௌத்தமும் இவ்வாறு ஒரே அரண்மனையில் எதிரெதிர் நின்ற நகரில், இந்நூலின் வினாக்கள் வெறும் ஏட்டு வினாக்களாக இருந்திரா.

அவ்வினாக்களுள் ஒன்று வருமாறு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க மன்னன் மிலிந்தன், உள்ளே உயிரொன்று இருந்து கண்வழிக் காண்கிறது, செவிவழிக் கேட்கிறது என்கிறான். அரண்மனையில் இருப்போர் விரும்பிய பலகணி வழியே நோக்குவதை உவமையாகக் காட்டுகிறான். நாகசேன தேரரின் மறுப்பு நயமானது. எந்தப் பலகணி வழியே நோக்கினும் உருவம் தெரியும். அங்ஙனமாயின், உள்ளிருப்பவன் செவி வழியாகவும் உருவத்தைக் காணல் வேண்டுமே! பலகணியைப் பெயர்த்தெடுத்துத் தலையை வெளியே நீட்டினால் காட்சி இன்னும் தெளிவாகும். கண்ணைப் பிடுங்கிவிட்டால் உள்ளிருப்பவன் இன்னும் நன்றாகக் காண்பானோ? காணான் என்று மன்னன் ஒப்புகிறான்.

எவர் கண்ணும் பிடுங்கப்படவில்லை. சோதனை கற்பனையிலேயே முடிந்தது. அதனால் நிறுவப்பட்டது எவ்வளவு? கண்ணைச் சாராது காணவல்ல ஒருவன் உள்ளே உளன் என்ற எண்ணம் வீழ்ந்தது, அவ்வளவே. காட்சியுணர்வு கண்ணே என்று நாகசேனர் சொல்லவில்லை. கண்ணையும் உருவத்தையும் சார்ந்து அது தோன்றுகிறது என்றார். சைவரும் இதற்கு விடையின்றி நிற்பவர் அல்லர். கருவிகளின்றி உயிர் அறியமாட்டாது என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபே ஆதலின், இவ்வம்பு அவர்மேற் பாயாது.

உணர்வு சடத்தின் விளைவே என்பாரும் உவமையையே நாடினர். மணிமேகலையில் வரும் பூதவாதி, தாதகிப் பூவும் வெல்லமும் கூடக் கள்ளில் வெறி பிறப்பதுபோலப் பூதங்களின் சேர்க்கையில் உணர்வு பிறக்கும் என்கிறான். வெறி பிறக்கும் வகையை அவன் காட்டிவிட்டான். வெறி கொண்டவனுக்கு அது எவ்வாறு இருக்கும் என்பதை அவ்வுவமை தொடவேயில்லை.

1982இல் ஆஸ்திரேலிய மெய்யியலறிஞர் பிராங்க் ஜாக்சன் இவ்விடைவெளியையே பற்றினார். கறுப்பு வெள்ளை அறையில் அடைபட்டு, நிறம்பற்றிய பௌதிக அறிவு முழுவதையும் பெற்ற மேரி என்பாள், வெளியே வந்து சிவப்பைக் காணுங்கால் புதிதாக ஒன்றை அறிவாளன்றோ? ஆகவே பௌதிகம் கூறாத உண்மையும் உண்டு என்றார். பின்னர் அவரே அம்முடிபைக் கைவிட்டார். மேரியின் கதை நம் அறிவில் உள்ள பிளவைக் காட்டுகிறது. உலகப் பொருளிலும் அப்பிளவு உண்டென்பதற்கு அக்கதை மட்டும் சான்றாகாது.

மெய்ச்சோதனையோ எனின், அதன் நிலையும் இதுவே. கண்டிக்கு அயலிலுள்ள பேராதனையில் மெய்யியல் கற்பித்த கே. என். ஜயதிலக்க, பௌத்த அறிவுக் கொள்கை பற்றி 1963இல் வெளியிட்ட நூலில், பாளி நூல்கள் கூறும் பாயாசி என்பவனின் வாதத்தை ஆராய்ந்தார். பாயாசி, குற்றவாளி ஒருவனை உயிரோடு பானையிலிட்டு மூடிச் சூடேற்றினான். பின்னர் வாயைத் திறந்து, உயிர் வெளியேறக் காணாமையால் உயிரே இல்லையென்றான். குமார காசியபர் அவனைத் திருப்பி வினவினார்: நண்பகலில் உறங்கிச் சோலையைக் கனவு கண்டபோது, அருகிருந்த பணிப்பெண்கள் உன் உயிர் போவதையும் வருவதையும் கண்டனரோ?