எண்ணப்படாத பார்வையாளர்: தொழில்சாராத் தொலைக்காட்சி விமர்சனமும் திருத்தணி போன்ற எல்லையூர்களும்

ஆய்வுச் சுருக்கம்

தொலைக்காட்சி வரலாறு பெரும்பாலும் நிலையங்களின் வரலாறாகவோ தொழில்நுட்பத்தின் வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளது. நிகழ்ச்சிகளைப் பார்த்து, எடைபோட்டு, ஊதியம் எதிர்பாராமல் எழுதிய பார்வையாளர்கள் அவ்வரலாற்றில் துணைச்செய்தியாகவே இடம்பெறுகின்றனர். அவர்களுடைய எழுத்தைத் தொழில்சாரா விமர்சனம் என வகைப்படுத்தி, அதன் தோற்றத்தையும் சான்று மதிப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி இதற்குரிய களமாகக் கொள்ளப்படுகிறது. பார்வையாளர் கணக்கெடுப்பு பெருநகரங்களையே அளந்த காலத்தில், சிற்றூர்ப் பார்வையாளரின் மதிப்பீட்டுக்கு அவரே எழுதிய எழுத்தன்றி வேறு பதிவு இருந்திருக்க இயலாது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தொலைக்காட்சி விமர்சனம், நேயர் மடல், திருத்தணி, வடக்கெல்லை, தரப்புள்ளி, சான்றாய்வு.

1. முன்னுரை

தமிழில் கலை விமர்சனம் தொழில்முறையாளர்களால் மட்டும் வளர்ந்ததன்று. 1930களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் இசை, நாட்டிய நிகழ்ச்சிகளை விமர்சித்த கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி இசைக்கல்வி பெற்ற வித்துவான் அல்லர். இசை விமர்சனத்தில் பெரும்புகழ் பெற்ற சுப்புடு மத்திய அரசின் அலுவலர். கணையாழி இதழின் கடைசிப் பக்கத்தில் 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்ற பெயரில் திரைப்படம், நூல், நாடகம் எனப் பலவற்றையும் மதிப்பிட்ட சுஜாதா தொழிலால் பொறியாளர். அலுவல் நேரம் முடிந்தபின் கலையை எடைபோடும் மரபு தமிழில் ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இவை சான்றுகள்.

எனினும் இம்மூவரும் அச்சில் நிலையான இடம் பெற்றவர்கள். அத்தகைய இடமின்றி, அஞ்சலட்டையிலும் வாசகர் கடிதப் பகுதியிலும் தம் தீர்ப்பை எழுதியோர் எண்ணிக்கையில் மிகப் பலர். தொலைக்காட்சியைப் பொறுத்தவரை விமர்சனத்தின் பெரும்பகுதி இவர்களிடமிருந்தே பிறந்தது. இவ்வெழுத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா, கொள்ளலாமெனில் எவ்வகைக் கட்டுப்பாடுகளுடன் என்பன இங்கு எழுப்பப்படும் வினாக்கள்.

2. களம்: திருத்தணி

திருத்தணியின் நிருவாக வரலாறே அதனைத் தனித்த களமாக்குகிறது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தின் பகுதியாகத் திருத்தணி அம்மாநிலத்தில் இருந்தது. ம. பொ. சிவஞானத்தின் தலைமையில் தமிழரசுக் கழகம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், மங்கலங்கிழார் போன்ற தமிழாசிரியர்களின் பணி, படாஸ்கர் பரிந்துரை ஆகியவற்றின் தொடர்ச்சியாக 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் அமைந்தபோது அதன் எல்லைக்குள் வந்தது.

எல்லை மாறியதால் மக்களின் பேச்சு மாறிவிடவில்லை. நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில் அமைந்த இவ்வூரில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. முருகன் மலைக்கு வரும் அடியார்களும் இரு மாநிலத்தவர். ஆதலால் ஒரு நிகழ்ச்சியை எம்மொழியில் பார்ப்பது என்னும் தேர்வு இங்கு இயல்பாகவே எழுகிறது. சென்னை, மதுரை ஆகிய நகரங்களின் பார்வையாளருக்கு இத்தேர்வு இவ்வளவு அண்மையில் இருந்ததில்லை.

3. வானொலி கற்பித்த விமர்சனப் பழக்கம்

தொலைக்காட்சிக்கு எழுதும் பழக்கம் வானொலியிலிருந்து வந்தது. இலங்கை வானொலி, பி.பி.சி. தமிழோசை, 1963இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிய பீகிங் வானொலி ஆகியவை தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்து மடல்களைப் பெற்றன. நேயர் மன்றங்கள் தோன்றின. சிற்றலை நேயர்கள் நிலையங்களுக்கு அனுப்பிய 'ஏற்பு அறிக்கை' இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. நாள், நேரம், அலைவரிசை ஆகியவற்றைக் குறித்த பின், ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலைபரவலின் ஏற்றத்தாழ்வு, ஒட்டுமொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடும் 'சின்போ' முறை அதில் பின்பற்றப்பட்டது. நிகழ்ச்சியில் கேட்டவற்றின் சுருக்கமும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். அறிக்கை சரியாக இருப்பின் நிலையம் ஓர் ஒப்புகை அட்டையை அனுப்பியது.

இவ்வடிவம் நேயருக்கு மூன்று பழக்கங்களைக் கற்பித்தது. முதலாவது, கேட்டதை நாள் நேரத்துடன் குறித்துவைத்தல். இரண்டாவது, ஏற்பின் தரத்தையும் நிகழ்ச்சியின் தரத்தையும் பிரித்து நோக்குதல். மூன்றாவது, நிலையத்திடமிருந்து மறுமொழி பெறும் உரிமை தமக்குண்டு எனக் கருதுதல். தொழில்சாரா விமர்சனத்தின் அடிப்படை இம்மூன்றிலும் அடங்கியுள்ளது.

4. சென்னைத் தொலைக்காட்சியும் நேயர் மடலும்

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழப் பார்வைக்கோட்டிலேயே செல்வன. சென்னையிலிருந்து சாலை வழியே சுமார் 85 கிலோமீட்டர் தொலைவில், குன்றுகளுக்கிடையே அமைந்த ஓர் ஊரில் படம் தெளிவதும் மங்குவதும் உணர்கொம்பின் உயரத்தையும் திசையையும் பொறுத்தன. தலைநகரின் பார்வையாளர் நிகழ்ச்சியைப் பற்றி எழுதியபோது, தொலைவூர்ப் பார்வையாளர் நிகழ்ச்சியையும் அது தம்மை வந்தடைந்த நிலையையும் சேர்த்தே எழுத வேண்டியிருந்தது. வானொலி கற்பித்த ஏற்பு அறிக்கையின் தேவை இங்குத் தொடர்ந்தது.

மடல் எழுதும் உரிமைக்குப் பொருளியல் அடிப்படையும் இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் நீக்கப்படும் வரை, தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தோர் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தினர். கட்டணம் செலுத்திய அதே அஞ்சலகத்தில் அட்டை வாங்கிக் குறையையும் எழுத முடிந்தது. சென்னைத் தொலைக்காட்சியின் 'எதிரொலி' நிகழ்ச்சி இம்மடல்களுக்கு மேடையாயிற்று. நேயர் எழுதியவற்றைத் திரையில் எடுத்துரைத்து, நிலையத்தின் சார்பில் விடையளிக்கும் நிகழ்ச்சி அது. நிலைய இயக்குநராக இருந்த ஏ. நடராஜன் அதன்வழி வீடுதோறும் அறிமுகமானார். விமர்சகரும் விமர்சிக்கப்பட்ட நிறுவனமும் ஒரே திரையில் எதிர்ப்பட்டது இதன் தனித்தன்மை.

மடல் எழுதியவர் பெயருடன் ஊர்ப்பெயர் சேர்ந்தே வாசிக்கப்படுவதும் அச்சிடப்படுவதும் தமிழ் ஊடக மரபு. இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் எந்த மாநிலத்துக்கு உரியது என்பதே வழக்காக இருந்த ஓர் ஊரின் பெயர், அதன் பிறகு ஒரு தலைமுறைக்குள், தமிழ் ஒளிபரப்பின் தரத்தைப் பற்றித் தீர்ப்புரைக்கும் பெயர்களின் வரிசையில் சேரும் வாய்ப்பு இம்மரபால் ஏற்பட்டது. தமிழ்ப் பொதுவெளியில் ஓர் எல்லையூர் பங்குபெறும் முறைகளுள் இதுவும் ஒன்று.

அகில இந்திய அளவிலும் மடலின் செல்வாக்கு பெரிதாக இருந்தது. 1984 ஜூலையில் தொடங்கி 1985 டிசம்பரில் நிறைவுற்ற 'ஹம் லோக்' தொடர் ஏறத்தாழ 4 லட்சம் மடல்களைப் பெற்றது. அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகியோர் அவற்றுள் 500 மடல்களைப் பகுத்தாய்ந்தனர். நேயர் மடல் ஆய்வுச் சான்றாகும் என்பதற்கு இது முன்னோடி. 1990களில் 'சுரபி' நிகழ்ச்சி ஒரே வாரத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட மடல்களைப் பெற்றது. அரசின் மானியத்தில் 15 காசுக்கு விற்ற அஞ்சலட்டை இவ்வாறு பயன்பட்டதன் விளைவாக, அஞ்சல் துறை 2 ரூபாய் விலையில் 'போட்டி அஞ்சலட்டை' என்னும் புதுவகையை வெளியிட நேர்ந்தது.

5. தரப்புள்ளியின் வருகை

1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சியும், 1995இல் தெலுங்கில் ஈ டிவி, ஜெமினி ஆகியவையும் தொடங்கப்பட்டன. கம்பிவட இணைப்பு வந்தபின் எல்லையூர்ப் பார்வையாளர் உணர்கொம்பைத் திருப்பாமலே இரு மொழித் தொடர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. விமர்சனத்துக்கு மிக வளமான சூழல் இது. ஆனால் இதே காலத்தில் நிலையங்கள் பார்வையாளரின் சொல்லைக் கேட்பதிலிருந்து அவர்களின் எண்ணிக்கையை அளப்பதற்கு மாறின.

தரப்புள்ளி முறையில், தேர்ந்தெடுத்த வீடுகளில் பொருத்தப்படும் கருவி எந்த நிலையம் எத்தனை நிமிடம் பார்க்கப்பட்டது என்பதைப் பதிவு செய்கிறது. யார் பார்த்தார் என்பதை வீட்டார் பொத்தானை அழுத்திக் குறிக்கின்றனர். ஆழ்ந்து பார்த்ததும் சலித்துக்கொண்டே பார்த்ததும் அக்கருவிக்கு ஒன்றே. அதனினும் முதன்மையானது, கருவிகள் எங்கே இருந்தன என்பது. டாம் நிறுவனத்தின் கணக்கெடுப்பு நெடுங்காலம் 1 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களையே தளமாகக் கொண்டிருந்தது. 2010இல் அமைக்கப்பட்ட அமித் மித்ரா குழு, நாடு முழுவதற்குமாக இருந்த சுமார் 8,000 வீடுகளை 30,000 வரை உயர்த்தப் பரிந்துரைத்தது. ஊரகப் பகுதிகளைக் கணக்கில் கொள்ளும் அளவீடு 2015இல் பார்க் அமைப்பின் வழியே வந்தது.

2011 கணக்கெடுப்பின்படி திருத்தணி நகரின் மக்கள்தொகை சுமார் 45,000. எனவே தமிழ் நெடுந்தொடர் வேரூன்றிப் பெருகிய காலத்தில், இந்த அளவுகோலுக்கு இவ்வூர் இல்லாததாகவே இருந்தது. எத்தொடர் நீடிக்க வேண்டும், எது நிறுத்தப்பட வேண்டும் என்ற முடிவுகளுக்கு அடிப்படையான எண்களில் இங்குள்ள ஒரு வீடும் சேரவில்லை. மடலும் மதிப்பிழந்த நிலையில், சிற்றூர்ப் பார்வையாளர் எழுதியவை குறிப்பேட்டிலோ இதழ்களின் வாசகர் பக்கத்திலோ தங்கின. எண்ணின் பார்வையில் இல்லாதவர் எழுத்தில் மட்டுமே இருக்கிறார். தொழில்சாரா விமர்சனத்தின் வரலாற்று மதிப்பு இங்கிருந்தே தொடங்குகிறது.

6. அழிந்த நிகழ்ச்சியும் எஞ்சிய குறிப்பும்

தொடக்ககாலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பல நேரடியாக ஒளிபரப்பாயின. பதிவு செய்யப்பட்டவற்றிலும் பல எஞ்சவில்லை. விலைமிகுந்த ஒளிநாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்துவது உலக நிலையங்கள் பலவற்றின் வழக்கம். பி.பி.சி. நிறுவனம் தன் 'டாக்டர் ஹூ' தொடரின் 1960களைச் சேர்ந்த நூற்றுக்கு நெருங்கிய பகுதிகளை இவ்வாறு இழந்தது. ஆனால் இழந்த பகுதிகள் அனைத்தின் ஒலியும் இன்று கிடைக்கிறது. வீட்டில் ஒலிநாடாக் கருவியை வைத்துப் பதிந்த ஆர்வலர்களே அதற்குக் காரணம். நிறுவனம் கைவிட்டதைப் பொழுதுபோக்காகத் தொடங்கியவர்கள் காத்தனர்.

தமிழ்ச் சூழலிலும் இதே தருக்கம் பொருந்தும். ஒரு நாடகம் எந்நாளில் ஒளிபரப்பானது, யார் நடித்தனர், இடையில் படம் நின்றதா, முடிவு ஏற்கப்பட்டதா என்பன நிலைய ஆவணத்தில் கிடைக்காதபோது, நேயரின் குறிப்பே மூலச்சான்றாகிறது. கோட்பாட்டு நிலையிலும் இதற்கு ஒப்புமை உண்டு. ரேமண்ட் வில்லியம்ஸ் 1968 முதல் 1972 வரை 'தி லிஸனர்' இதழில் தொலைக்காட்சி பற்றித் தொடர்ந்து எழுதினார். 1974இல் வெளியான தம் தொலைக்காட்சி நூலில், தனித்தனி நிகழ்ச்சிகளைவிட அவை இடைவிடாது தொடரும் 'ஒழுக்கே' தொலைக்காட்சியின் இயல்பு என்றார். ஒரு மாலைப்பொழுதைத் தொடர்ந்து பார்ப்பவருக்கே அவ்வொழுக்கு புலப்படும். நாள்தோறும் பார்த்துக் குறித்துவைப்பவர், கோட்பாட்டாளரின் இந்த உற்றுநோக்கலை அறியாமலே மேற்கொள்கிறார்.

7. சான்றின் எல்லைகள்

இச்சான்றை அப்படியே ஏற்பதும் பிழையாகும். நான்கு வரம்புகளைக் கருத வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்து, ஓய்வும் அஞ்சல்செலவுக்குப் பணமும் உள்ளவரே எழுதினர். அவர் குரலை ஊரின் குரலாகக் கொள்ளலாகாது. பரிசை நாடி எழுதிய அட்டையும் விமர்சன மடலும் ஒன்றல்ல. 'சுரபி' பெற்ற பெருந்தொகை மடல்களை மதிப்பீட்டின் அளவாகக் கொள்ள இயலாது. அச்சிலும் திரையிலும் வந்த மடல் நிறுவனத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டு வெட்டப்பட்டது. இறுதியாக, இருமொழி ஊரின் பார்வையாளர் தமிழ் இதழுக்குத் தமிழில் எழுதும்போது அவரது தெலுங்குப் பார்வை மறைந்துபோகலாம்.

நான்காம் வரம்பு திருத்தணி போன்ற ஊர்களுக்கே உரியது. தமிழ் மடல்களை மட்டும் தொகுப்பவர், போராடிப் பெற்ற எல்லையை மக்களின் பார்வைக்கும் எல்லையாக்கிவிடுவார். தெலுங்கு இதழ்களின் வாசகர் பக்கங்களையும், நகரி, புத்தூர்ப் பகுதியினரின் எழுத்தையும் உடன்வைத்து நோக்கினாலன்றி இப்பகுதியின் தொலைக்காட்சி வரலாறு ஒருபக்கச் சார்புடையதாகவே அமையும்.

8. முடிவுரை

தொழில்சாராத் தொலைக்காட்சி விமர்சனம் வானொலி நேயரின் ஏற்பு அறிக்கையிலிருந்து வடிவம் பெற்றது. உரிமக் கட்டணக் காலத்தில் உரிமைக் குரலாயிற்று. 'எதிரொலி' போன்ற நிகழ்ச்சிகளில் மறுமொழி பெற்றது. தரப்புள்ளிக் காலத்தில் கேட்பாரற்றுப் போனது. கேட்பாரற்ற அக்காலமே வரலாற்றாய்வாளருக்கு அதன் தேவை மிகுந்த காலம். பெருநகரம் அல்லாத ஊர்களின் மதிப்பீட்டை அறிய அப்போது வேறு கருவி இல்லை.

இச்சான்றுகள் நூலகங்களில் முறைப்படி சேர்க்கப்படுவதில்லை. குறிப்பேடுகள், ஒப்புகை அட்டைகள், இதழ் நறுக்குகள் ஆகியவை எழுதியவரின் காலத்துக்குப் பின் பழைய காகிதமாக எடைக்குப் போகின்றன. 1975இல் இருபது வயதில் முதல் மடலை எழுதியவர் இன்று எழுபதைக் கடந்தவர். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் இதழியல் துறைகளும் வட்டார அளவில் இவற்றைத் திரட்டவும், எழுதியோரின் வாய்மொழியைப் பதியவும் முன்வர வேண்டும். கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் தேடி ஊர் ஊராகச் சென்ற தமிழாய்வு மரபுக்கு அஞ்சலட்டையைத் தேடிச் செல்வதும் உரிய பணியே.