பந்தி எழுமுன்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பக்கத்தில் திரும்பினால் பெலிலியோஸ் சாலை. கல்கத்தாவிலிருந்து வந்து இங்கே மாட்டு வியாபாரம் செய்த யூதரின் பெயர் அது. அவர் வீட்டில் நம்மவர் ஒருவர் சாப்பிட்டிருந்தால், சாப்பாடு முடிந்ததும் என்ன நடந்திருக்கும்?

யூதருக்கு உண்ட பின் சொல்லும் நன்றிதான் பெரிது. ஆலிவ் காயளவு ரொட்டி தின்றாலே அது கடமை. ஆண்கள் மூவர் சேர்ந்து உண்டால் ஒருவர் மற்றவர்களை அழைத்துத் தொடங்க வேண்டும்; அதற்கு ‘ஸிம்முன்’ என்று பெயர். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுத்த யூதச் சட்ட நூலான மிஷ்னா, வேற்றினத்தாரை அந்தக் கணக்கில் சேர்க்காது. வீட்டுக்காரர் ரொட்டியைப் பிட்க, விருந்தாளி நன்றியைச் சொல்ல வேண்டும் என்கிறது மிஷ்னாவை விரித்துரைக்கும் தால்முத். வீட்டுக்காரரை வாழ்த்தும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கட்டுமென்று. நம்மவருக்கு அந்த மரியாதையும் கிடையாது. எல்லோருக்குமாக ஆசி கேட்கும் இடத்தில், அந்நியர் இருந்தால் ‘உடன்படிக்கையின் மக்கள்’, அதாவது யூதர் மட்டும், என்ற சொல்லைச் செருகுவது சிலர் வழக்கம்.

வேடிக்கை என்னவென்றால், அதே தால்முத்தில் ஆபிரகாம் வழிப்போக்கர்களுக்கு உணவிட்டு, அவர்கள் தன்னை வாழ்த்த எழுந்ததும், படைத்தவனை வாழ்த்துங்கள் என்கிறார். அவர்கள் யாரும் யூதரல்லர்.

நம் பந்தியிலோ ‘அன்னதாதா சுகீபவ’. போட்டவர் நன்றாயிருக்கட்டும், அவ்வளவுதான். உண்டு முடித்து நீர் உட்கொள்ளும் உத்தராபோசனம் ஆகி, கடைசி ஆள் முடிக்கும்வரை எழக்கூடாது. சொல்லில் வேலி இல்லை. வேலி இருந்தது இலை போட்ட இடத்தில். 1920-களில் வ. வே. சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிச் சாப்பாடு என்றதும் தமிழ்நாட்டுக் காங்கிரஸே ஆடிப்போனது. யூதர் அந்நியரை மேசையில் உட்காரவைத்துக்கொண்டு வாசகத்தில் கோடு போட்டார். நாம் வாசகத்தைத் திறந்துவிட்டுத் திண்ணையில் இலை போட்டோம். (அவர் நம் வீட்டில் கைநனைப்பாரா என்பது வேறு கதை, யூதரின் கோஷர் உணவு விதி லேசில் விடாது.) என்னைக் கேட்டால் முதலாவதே தேவலை. எபிரேயம் அறியாதவருக்கு அந்தச் சொல் உறைக்காது. திண்ணை ஊருக்கே தெரியும்.

ரேஸ் கோர்ஸ் சாலை வாழையிலைக் கடையில் ஒருமுறை என் சீன நண்பர் இலையை எதிர்ப்பக்கமாக மடித்தார். அது சாவு வீட்டு மடிப்பு. பரிமாறும் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் குனிந்து, இலையைப் பிரித்து, அவர் பக்கமாக மடித்து வைத்துவிட்டுப் போனார்.