கல்லு மாதிரி கெடக்குற படிகத்துக்குள்ள வெயில் என்ன பண்ணுது?

வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு பக் என்னை மூணு நாள் தூங்கவிடல. என் லேப்டாப்ல ஓடுற அதே கோட், சர்வர்ல ஓடல. கோடை வரி வரியா படிச்சேன். கடைசில பார்த்தா தப்பு கோட்ல இல்ல, அது ஓடுற இடத்துல. வேதியியலுக்கும் இதே மாதிரி ஒரு பக் இருந்தது. அதைப் பிடிக்க 130 வருஷம் ஆச்சு.

1834, ஜெர்மனி. ட்ரோம்ஸ்டோர்ஃப் என்பவர் சான்டோனினை ஆராய்ச்சி பண்றார். குடல் புழுவுக்குக் கொடுத்த மருந்து அது. அதோட நிறமில்லாத படிகங்களை வெயில்ல வெச்சா மஞ்சளாகுது, அப்புறம் வெடிச்சுச் சிதறுது! பொருளைக் கரைச்சாத்தான் வினை நடக்கும்னு நம்பின காலம். அதனால யாராலயும் காரணம் சொல்ல முடியல.

அடுத்து சின்னமிக் அமிலம். இதோட படிகத்துல வெளிச்சம் பட்டா, பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ரெண்டு ரெண்டா இணையும். கரைசல்ல அப்படி இணையறதில்ல. இன்னொரு குழப்பம்: இந்த அமிலம் மூணு விதமா படிகமாகும். ஆல்ஃபா வகை ஒரு பொருளைத் தருது, பீட்டா வேற பொருளைத் தருது, காமா சும்மா கெடக்குது. மூணுலயும் மூலக்கூறு ஒண்ணுதான்!

1964ல இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்துல கெர்ஹார்ட் ஷ்மிட் குழு இதுக்கு விடை சொன்னது. எக்ஸ்-கதிர் மூலம் படிகத்துக்குள்ள மூலக்கூறுகள் எப்படி அடுக்கியிருக்குன்னு பார்த்தாங்க. ஆல்ஃபாவுல பக்கத்து மூலக்கூறுகள் தலைகால் மாறிப் படுத்திருக்கு. பீட்டாவுல ஒரே பக்கம் தலைவெச்சிருக்கு. எப்படிப் படுத்திருக்கோ, அப்படியே இணையுது. காமாவுல இடைவெளி அதிகம், அதனால இணைய முடியல. அவங்க கண்ட எல்லை சுமார் 4.2 ஆங்ஸ்ட்ரம். ஒரு சென்டிமீட்டர்ல 10 கோடி ஆங்ஸ்ட்ரம் இருக்கு, அவ்வளவு சின்ன தூரம்!

ஆனா அந்த எண் கல்வெட்டு இல்ல. 1980கள்ல பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல கூமரின் வகைப் படிகங்களை ஆராய்ஞ்சாங்க. சிலதுல அந்த எல்லைக்கு வெளியே இருந்த மூலக்கூறுகளும் இணைஞ்சுது. வெளிச்சம் பட்டதும் நகர்ந்துக்க கொஞ்சம் இடம் கிடைச்சா போதும்.

அப்போ சான்டோனின் ஏன் வெடிச்சுது? புதுசா உருவான பொருளோட வடிவம் பழைய அடுக்குக்குள்ள பொருந்தல. உள்ளே இறுக்கம் கூடிக்கூடி, படிகம் உடைஞ்சுபோச்சு.

எனக்குப் பிடிச்சது இதுதான்: ஒரு மூலக்கூறு எதால ஆனதுன்னு மட்டும் கேட்டிருந்தா இந்தப் புதிர் அவிழ்ந்திருக்காது. அதுக்குப் பக்கத்துல யாரு, எவ்வளவு தூரத்துலன்னும் கேட்கணும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!